ஏலமா, தீனமா

1

இந்தக் கதை எனக்கு ஒரு சேவலிடமிருந்து கிடைத்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மனித மூளையைப் பற்றி ஆழ்ந்து யோசித்து எழுத உட்கார்ந்தவள் என்று என்னைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள். நான் சுசீந்திரத்திலிருந்து பஸ் மாறி பஸ் மாறி கருங்கலுக்கு வந்து பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவள். பஸ்ஸில் நின்று நின்று கால் ஓய்ந்துபோனதில், தலை நரைத்த பிறகு ஸ்கூட்டர் ஓட்டும் ஆசை வந்தது.

கருங்கல் பக்கம் பெண்களுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுப்பது ரெஜிலா. முதல் நாள் அவள் வீட்டு முற்றத்தில் போய் நின்றபோது, ஸ்கூட்டர் சீட்டின் மேல் ஒரு சேவல் உட்கார்ந்திருந்தது. எவ்வளவு விரட்டியும் இறங்கவில்லை. இப்படிக் கொழுத்துப்போய் நிற்பதை ஏன் இன்னும் குழம்பு வைக்கவில்லை என்று கேட்டேன்.

"அதக் கொல்ல ஒக்காது டீச்சர்," என்றாள். "நானும் எங்க வீட்டுக்காரரும் எதிரெதிரா நின்னு ஏலம் கேட்டு எடுத்த சேவலு."

அன்றைக்கு வண்டி படிக்கவே இல்லை. கதை கேட்டுவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு முந்தைய பஸ்ஸைப் பிடித்தேன். மறுநாள் எழுத உட்கார்ந்தேன். முதலில் வந்த தொடக்கம் இது:

ஜன்னல் வெளிச்சத்தில் அந்த ஸ்கேன் படத்தைத் தூக்கிப் பிடித்தபோது, ரெஜிலாவின் மூளைக்குள் இரண்டு வெண்மேகங்கள் மெல்ல—

[நிறுத்திவிட்டேன். அவளிடம் வாசித்துக் காட்டியபோது, மேகமா என்று கேட்டுச் சிரித்தாள். சுவருக்கு வெள்ளையடிக்கும்போது தரையில் தெறிக்குமே, அப்படித்தான் இருந்தது என்றாள்.]

இரண்டாவது தொடக்கம்:

பாராதைராய்டு சுரப்பிகள் கழுத்தில், தைராய்டின் பின்புறம், பொதுவாக நான்கு—

[இது பாடம். வகுப்பில் இப்படித் தொடங்கினால் கடைசி பெஞ்சு உறங்கிவிடும். உங்களை நான் கடைசி பெஞ்சு என்று சொல்லவில்லை.]

ஆகவே ஏலத்திலிருந்தே தொடங்குகிறேன்.

2

ரெஜிலாவின் சர்ச்சில் ஸ்தோத்திரப் பண்டிகை அன்று ஆராதனை முடிந்ததும் ஏலம் நடக்கும். மட்டி வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, தேங்காய், பலாப்பழம் என்று வீட்டில் விளைந்ததில் நல்லதாகப் பார்த்துக் காணிக்கை கொண்டுவருவார்கள். அவ்வளவும் ஏலத்தில் போகும். ஏலம் விடுகிறவர் யோவான் அண்ணன். ரப்பர் ஷீட் வியாபாரி. அவருடைய குரலுக்கு மைக் தேவையில்லை, ஆனாலும் அவர் மைக்கை யாருக்கும் கொடுப்பதில்லை.

அந்த வருஷம் காணிக்கையில் ஒரு சேவல் வந்திருந்தது. செம்பழுப்பு நிறம், நிமிர்ந்த கொண்டை, ஆராதனை நடக்கும்போதே இடையிடையே கூவி எல்லாரையும் சிரிக்கவைத்த சேவல். உள்ளே நுழையும்போதே ரெஜிலா அதைப் பார்த்து, கொள்ளாமே என்று மெச்சியிருந்தாள். பின்னால் வந்த டெனிஷ் அதைக் காதில் வாங்கிக்கொண்டார். டெனிஷ் அவளுடைய வீட்டுக்காரர். நெடுங்காலம் குவைத்தில் இருந்துவிட்டு ஊரோடு வந்து மோட்டார் பம்பு பழுதுபார்க்கிறவர். அவளுக்குத் தெரியாமல் அந்தச் சேவலை எடுத்துக் கையில் கொடுக்கவேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டார்.

ரெஜிலாவும் அதையேதான் முடிவு செய்திருந்தாள், தனக்காக.

அந்தச் சர்ச்சில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நடுவில் பருத்த தூண்கள். டெனிஷ் உட்கார்ந்த இடத்திலிருந்து பெண்கள் பக்கம் தெரியாது. சேவல் ஏலத்துக்கு வந்ததும் ரெஜிலா கையைத் தூக்கினாள். காலையிலிருந்தே அவளுக்கு உதட்டோரம் கூசிக்கொண்டிருந்தது, விரல் நுனிகளில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. பாட்டுக் குழுவில் முன்வரிசை அவள். மூச்சைப் பிடித்துப் பிடித்துப் பாடியிருந்தாள். தூக்கிய கையை இறக்கப்போனபோது அது தன்னுடைய கையாக இல்லை. விரல்கள் ஒன்றாகக் கூடி விறைத்து, கட்டைவிரல் உள்ளே மடங்கி, மணிக்கட்டு வளைந்து, சோறு உருட்டப்போகிற கை மாதிரி நின்றது. இறக்கினால் வலித்தது. இடது கையால் அதைத் தாங்கிக்கொண்டு அப்படியே இருந்தாள்.

யோவான் அண்ணன் கையைத்தான் பார்த்தார். கை நிற்கிறது என்றால் கேள்வி நிற்கிறது. ஏற்றிச் சொன்னார். அந்தப் பக்கம் டெனிஷ் இன்னும் ஏற்றினார். இந்தப் பக்கம் கை இறங்கவில்லை. பெண்கள் பக்கத்தில் யாரோ பிடிவாதக்காரி என்று டெனிஷுக்கு வீம்பு ஏறிவிட்டது. தூண் மறைக்காத இடத்தில் இருந்த ஆண்களுக்கு விஷயம் தெரியும், ஒருத்தரும் மூச்சுவிடவில்லை. அந்த விலைக்குக் கோழிப்பண்ணையே போட்டிருக்கலாம் என்ற கட்டம் வந்தபோது, யோவான் அண்ணனுக்கே மனசு கேட்கவில்லை.

"டெனிஷே, எதிர்ல கைய தூக்கிட்டு நிக்கது உனக்க பொண்டாட்டிதான் கேட்டியா."

சர்ச்சே சிரித்தது. டெனிஷும் சிரித்துக்கொண்டே தூணைத் தாண்டி எட்டிப்பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. முகம் வெளுத்திருந்தது. கல்யாணத்தன்றைக்குப் பிறகு முதல்முறையாக அவர் பெண்கள் பக்கம் நடந்துபோய், அவள் கையைப் பிடித்து விரல்களைப் பிரிக்கப் பார்த்தார். பிரியவில்லை.

[கணவனும் மனைவியும் எதிரெதிராக ஏலம் கேட்பது கொஞ்சம் அதிகம், வேறு யாராவது கேட்டதாக மாற்றிவிடலாமா என்று ரெஜிலாவிடம் கேட்டேன். ஊரே பார்த்ததை நீங்கள் எப்படி மாற்றுவீர்கள் என்றாள்.]

3

நாகர்கோவிலில் டாக்டர் சிவபிரசாத் கையைப் பார்ப்பதற்கு முன்னால் கழுத்தைப் பார்த்தார். சங்கிலிக்குக் கீழே மெல்லிய தழும்பு இருந்தது. இளம் வயதில் ரெஜிலாவுக்குக் கழுத்தில் கழலை வந்து ஆபரேஷன் செய்திருந்தார்கள். அப்போது கால்சியம் மாத்திரை விடாமல் சாப்பிடச் சொல்லியிருந்தார்கள். அது சத்து மாத்திரை என்று அவள் நினைத்துக்கொண்டாள். அட்டை தீர்ந்தது, சத்து வந்துவிட்டது என்று விட்டுவிட்டாள்.

[இதற்கு யாரைக் குற்றம் சொல்வது என்று ஒரு பத்தி எழுதினேன். அவளுக்கே அந்தப் பத்தியில் ஆர்வமில்லை. எடுத்துவிட்டேன்.]

தைராய்டை ஒட்டி அரிசிமணி அளவில் நான்கு சுரப்பிகள். ரத்தத்தில் எவ்வளவு கால்சியம் ஓடவேண்டும் என்று பார்த்துக்கொள்வது அவற்றின் வேலை. கழலையை எடுத்தபோது அவையும் சேதப்பட்டிருக்கவேண்டும் என்றார் டாக்டர். வேலைக்காரர்கள் நான்கு பேரும் போனதும் ரத்தத்தில் கால்சியம் குறைந்தது, பாஸ்பேட் கூடியது. கை விறைத்தது அதனால்தான். அதோடு நிற்கவில்லை. கூடிப்போன பாஸ்பேட் இருக்கிற கால்சியத்தோடு சேர்ந்து, வருஷக்கணக்காக, படியக்கூடாத இடத்தில் போய்ப் படிந்திருந்தது. ஸ்கேனில் மூளையின் ஆழத்தில், இரண்டு பக்கமும், வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது.

(கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்தால் படியும் என்று வருஷாவருஷம் போர்டில் எழுதிப்போட்டவள் நான். அது ஒருத்தியின் மண்டைக்குள் நடக்கும் என்று எனக்குத் தெரியாது. எந்தப் பையனும் கேட்டதுமில்லை.)

டாக்டர் இன்னொன்று கேட்டார்: எப்போதாவது நினைவு தப்பி விழுந்ததுண்டா? ரெஜிலா யோசித்தாள். ஒருமுறை தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் விழுந்து, எழுந்தபோது நாக்கு கடிபட்டு ரத்தம். பிரஷர் குறைந்துவிட்டது என்று உப்புப் போட்ட கஞ்சித்தண்ணி குடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருந்தாள். டாக்டர் பேனாவை மூடினார்.

"இனி நான் சொல்லுகதுவர வண்டி ஓட்டப்பிடாதும்மா."

மூளையில் சுண்ணாம்பு என்று கேட்டபோதுகூட அவள் கலங்கவில்லை. இதற்குத்தான் கலங்கினாள். எத்தனையோ பெண்களை அவள் வண்டியில் ஏற்றிவிட்டிருக்கிறாள். நர்சுகள், முந்திரி ஆலைக்குப் போகிறவர்கள், மகன் வெளிநாட்டிலிருந்து வாங்கி அனுப்பிய ஸ்கூட்டரைத் தொடப் பயந்து போர்வை போட்டு மூடிவைத்திருந்தவர்கள். பின்னால் அவள் உட்கார்ந்திருக்கிறாள் என்ற தைரியத்தில்தான் அவர்கள் ஆக்சிலேட்டரைத் திருகினார்கள். அவளுக்குத் தெரிந்த வேலை அது, பிடித்த வேலையும் அதுதான். மறுபடியும் வண்டியில் ஏறுவோமா என்ற கேள்வியைத் தவிர அந்த வருஷம் முழுக்க அவள் மனசில் வேறு கேள்வியே இல்லை.

4

டெனிஷை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. கதைக்கு ஒரு வில்லன் இருந்தால் வசதி. ஒரு பிரதியில் அவரைக் குடிகாரனாக்கினேன். இன்னொன்றில்

டெனிஷ் அவளை ஒரு மாதிரி பார்த்தார். அந்தப் பார்வையில்

என்று தொடங்கிப் பார்த்தேன். எந்தப் பார்வையும் வரவில்லை. நான் போகிற நாளெல்லாம் அந்த மனிதர் எனக்குப் பால் விடாத கட்டன்சாயா போட்டுக்கொண்டுவந்து கொடுத்து, கூடவே ஒரு மட்டிப்பழமும் வைத்துவிட்டுப் போவார். இவரை வைத்து வில்லத்தனம் செய்ய முடியாது. ஆனால் இந்தக் கதையில் பெரிய தப்பைச் செய்தவர் அவர்தான், அதுவும் முழு அன்போடு.

குவைத்தில் அவர் ஒரு பெரிய ஹோட்டலில் வெந்நீர்க் குழாய்களையும் பாய்லர்களையும் பார்த்துக்கொண்டவர். உப்புத் தண்ணீரில் குழாய்க்குள் காரை பிடித்துக் கல்லாக இறுகிவிடும். அந்தத் தண்ணீரை நிறுத்தாமல் எத்தனை முறை சுரண்டினாலும் பயனில்லை. பாதி ஆயுளில் அவர் கற்றுக்கொண்ட பாடம் அது. டாக்டர் எழுதிய மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மண்டைக்குள்ள காரை பிடிச்சு நிக்குது. அதுக்க மேல பின்னையும் சுண்ணாம்பு மாத்திரையா?"

ரெஜிலா அவரை மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. "நான் திங்காம இருந்தா சீக்கிரம் கரையுமா?" என்றுதான் கேட்டாள். சீக்கிரம் கரைந்தால் சீக்கிரம் வண்டி ஓட்டலாம். அவளுக்கு வேண்டியது அவ்வளவே.

அன்றிலிருந்து வீட்டில் பால் இல்லை, தயிர் இல்லை. முள்ளோடு சாப்பிடுகிற மீன் என்பதால் நெத்தோலிக்கும் தடை. மாத்திரைகள் டெனிஷின் குவைத் பெட்டிக்குள் போயின. அவள் தனியாகப் பத்தியம் இருக்கவேண்டாமென்று அவரும் நெத்தோலியை விட்டார். கருங்கல்காரர் ஒருவர் பெண்டாட்டிக்காக நெத்தோலியை விடுவது என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்கள் அந்த ஊர்ச் சந்தைக்கு ஒருமுறை போய்வரலாம்.

(என்னிடம் அப்போது கேட்டிருந்தால் நானும் சரியென்றுதான் சொல்லியிருப்பேன். கணக்கு அவ்வளவு நேராக இருந்தது.)

5

கிறிஸ்துமஸ் நெருங்கியது. அந்த விலை கொடுத்து வாங்கிய சேவலைப் பண்டிகைக்குக் குழம்பு வைப்பது என்று முடிவானது. மத்தியானம் ரெஜிலா தீனி காட்டி அதைக் கூப்பிட்டு, இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்தாள். டெனிஷ் வீட்டின் பின்னால் ஒரு மோட்டாரைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

பிடித்த கை விறைத்தது. இந்தமுறை மற்ற கையும் விறைத்தது. கால்விரல்கள் இழுத்தன. தொண்டை இறுகிச் சத்தம் வரவில்லை. சுவரில் சாய்ந்து சரிந்தாள். சேவலின் கால் அவள் விரல்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. அவளால் விடமுடியவில்லை, சேவலால் போகமுடியவில்லை. இறக்கையை அடித்து, தெருவுக்கே கேட்கும்படி அது கத்தியது. கோழி பிடிப்பதற்கு இவ்வளவு நேரமா என்று எரிச்சலோடுதான் டெனிஷ் வந்தார்.

ஆஸ்பத்திரியில் மாத்திரை சாப்பிடுகிறாளா என்று டாக்டர் கேட்டபோது, டெனிஷ் குழாய்க் கணக்கை மறைக்காமல் சொன்னார். டாக்டர் திட்டவில்லை. நரம்பில் மருந்தை மெதுவாக ஏற்றச் சொல்லிவிட்டு, பக்கத்திலேயே நின்றார். டெனிஷ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சற்று நேரத்தில் அவர் உள்ளங்கைக்குள் ஏதோ அசைந்தது. உள்ளே மடங்கியிருந்த கட்டைவிரல் வெளியே வந்தது. பிறகு மற்ற விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன.

"இது என்ன மருந்து டாக்டரே?"

"கால்சியம்."

ரத்தத்தில் அளவு சரியாக இருந்தால்தான் கை விறைக்காது, வலிப்பு வராது என்று டாக்டர் விளக்கினார். மூளையில் படிந்தது பட்டினி போட்டால் கரையாது. அது அங்கேயே இருக்கும். மாத்திரையை அளவாகச் சாப்பிட்டு, அடிக்கடி ரத்தம் சோதித்து வந்தால், மேலும் படியாமல் பார்த்துக்கொள்ளலாம். அதோடு வாழ முடியும்.

"அப்பம் குழாயும் ஆளும் ஒண்ணு இல்ல," என்றார் டெனிஷ். சொல்லிவிட்டு அழுதார். ரெஜிலா, பிரிந்த விரல்களால் அவர் தலையில் மெல்ல ஒரு தட்டுத் தட்டினாள்.

[மறுநாள் அவர் சந்தையிலிருந்து ஒரு கூடை நெத்தோலி வாங்கிவந்தார். மருந்து மாத்திரைதான், மீனில்லை என்று டாக்டர் அவருக்கு மறுபடியும் சொல்லவேண்டியிருந்தது. உங்களுக்கும் சொல்லிவைக்கிறேன்.]

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீட்டில் மாட்டுக்கறி. ஆபத்தில் கூவி ஆளைக் கூப்பிட்ட சேவலை எப்படி அறுப்பது?

6

நான் அவளிடம் வண்டி படிக்கப் போனது இதற்கெல்லாம் பிறகு. ஓட்டத்தானே கூடாது, சொல்லிக்கொடுக்கக் கூடாதென்று டாக்டர் சொல்லவில்லையே என்று கண்டுபிடித்து, அவள் நடந்தே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருந்தாள். சர்ச் மைதானத்தில் என் வண்டியின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடிவருவாள். எட்டுப் போடும்போது நான் முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். "டயரப் பாக்காதிங்க டீச்சர், போவ வேண்டிய இடத்தப் பாருங்க" என்பாள். நான் பார்த்த இடம் ஒரு தென்னை. அங்கேயே போனேன்.

அந்த மாதங்களில்தான் இந்தக் கதைக்கு முடிவுகள் எழுதினேன்.

முடிவு அ: ரெஜிலா இறந்துபோகிறாள். மழை பெய்கிறது. சேவல் கூவவில்லை. நன்றாகவே வந்திருந்தது. வாசித்துக் காட்டினேன்.

"என்னக் கொல்லதுக்கா வண்டி படிக்க வந்தீங்க?" என்றாள்.

முடிவு ஆ: மறு ஸ்கேனில் வெள்ளை எதுவும் இல்லை. ஜெபம் கேட்கப்பட்டது. இது அவளுக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன்.

"அது அங்கனதான் கிடக்கு டீச்சர். கிடக்கட்டு. அதுக்காக நான் ஜெபம் பண்ணல்ல. பொய் எழுதப்பிடாது."

முடிவு இ: நடந்தது. அதை மட்டும் எழுதுகிறேன்.

ரத்தத்தில் கால்சியம் சரியாக நின்றது, வலிப்பு திரும்பவில்லை. ஒரு சோதனைக்குப் போனபோது, இனி ஓட்டலாம் என்றார் டாக்டர். அன்று சாயந்தரம் நான் பள்ளிக்கூடம் விட்டு நேராக அவள் வீட்டுக்குப் போனேன். சேவலைச் சீட்டிலிருந்து இறக்கிவிட்டு ரெஜிலா ஏறி உட்கார்ந்தாள். சாவியைப் போட்டாள். ஆனால் திருப்பவில்லை. பிரேக்கின் மேல் இருந்த தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது நடுரோட்டில் விறைத்தால் என்ன ஆகும் என்ற பயம் முகத்தில் அப்படியே தெரிந்தது. டெனிஷ் ஏதோ ஸ்பேனரைத் தேடுகிறவர் போல வீட்டுக்குள் போய்விட்டார்.

ரெஜிலா விரல்களை விரித்தாள், மடக்கினாள். மறுபடியும் விரித்தாள். பிறகு தனக்குத்தானே, ஆனால் வண்டி படிக்கிற எங்களிடம் பேசுகிற அதே மரியாதையோடு, "டயரப் பாக்காதிங்க" என்றாள். சாவியைத் திருப்பினாள்.

மைதானத்தில் அவள் போட்ட எட்டை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் போட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கு அழுகை வந்தது. இந்தமாதிரி இடத்தில் எழுதுகிறவர்கள் அழுகையை மறைத்து வேறு எதையாவது வர்ணிப்பார்கள். எனக்கு வந்ததை வந்தது என்றே எழுதிவைக்கிறேன்.

7

இங்கே முடித்திருக்கலாம். ஆனால் சேவல் மிச்சமிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் டெனிஷ் ஒரு பொருத்தனை பண்ணியிருந்தார்: அவள் மறுபடியும் வண்டியில் ஏறினால், அந்தச் சேவலையே காணிக்கையாகக் கொடுப்பதென்று. அவசரத்தில் பண்ணியது. பண்ணியபோது அதன்மேல் இவ்வளவு பாசம் வரும் என்று தெரியாது. இந்த வருஷ ஸ்தோத்திரப் பண்டிகைக்கு ரெஜிலா வண்டி ஓட்ட, பின்னால் டெனிஷ் சேவலை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கொடுத்துவிட்டு ஏலத்தில் நாமே எடுத்துவிடலாம், ஆனால் ஒரு ஆள் மட்டும்தான் கேட்கவேண்டும், அது டெனிஷ் என்று வழியிலேயே பேசி முடித்திருந்தார்கள். என்னையும் அழைத்திருந்தார்கள். நான் பெண்கள் பக்கத்தில், ரெஜிலாவுக்கு அடுத்து உட்கார்ந்திருந்தேன்.

சேவல் வந்தது. டெனிஷ் கேட்டார். வாசலில் நின்ற முருகதாஸ் இன்னும் ஏற்றிக் கேட்டார். சந்தையில் நாட்டுக்கோழிச் சாப்பாட்டுக்குப் பேர்போன ஹோட்டல் அவருடையது. டெனிஷ் ஏற்றினார், முருகதாஸ் விடவில்லை. டெனிஷின் குரல் தயங்கியது. தூணுக்கு அந்தப் பக்கம் அவர் முகம் தெரியாமல் ரெஜிலா தவித்தாள். பிறகு பேசி வைத்ததையெல்லாம் மறந்து கையைத் தூக்கினாள்.

யாரும் சேவலைப் பார்க்கவில்லை. எல்லாரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். ஆண்கள் பக்கத்தில் டெனிஷ் எழுந்து நின்றுவிட்டார். யோவான் அண்ணன் தன் ஆயுளில் முதல்முறையாக மைக்கை வாயிலிருந்து எடுத்தார்.

"ரெஜிலா, இது ஏலமா, தீனமா?"

(தீனம் என்றால் எங்கள் பக்கம் நோய்.)

அவள் கையை இன்னும் உயர்த்தினாள். விரல்களை விரித்தாள், மடக்கினாள், விரித்தாள். குழந்தைக்கு டாட்டா காட்டுகிற மாதிரி, எல்லாரும் பார்க்கும்படி.

"ஏலம்தான் அண்ணே."

யோவான் அண்ணன் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார். முருகதாஸ் யோசித்துக்கொண்டு நிற்கிறார். சேவல் தலையைச் சாய்த்துப் பார்க்கிறது.

இந்தக் கடைசிப் பக்கத்தை ரெஜிலாவிடம் வாசித்துக் காட்டினேன். மூன்றாம் தரத்தை ஏன் எழுதவில்லை என்று கேட்டாள். அதை வாசிக்கிறவர்களிடம் விட்டிருக்கிறேன், அவர்களில் யாராவது கைதூக்குவார்கள் என்றேன். வாசலில் என்னவோ கூவியது. அது எந்தச் சேவல் என்று நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை.

"தூக்கட்டு," என்றாள். "ஆனா தூக்கின கைய எறக்க முடியுதான்னு ஒருக்க பாத்துக்கிடச் சொல்லுங்க."

சொல்லிவிட்டேன். விரித்துப் பாருங்கள். மடக்கிப் பாருங்கள். யோவான் அண்ணன் ஒரு தரம் சொல்லிவிட்டார். ரெண்டு தரமும் சொல்லிவிட்டார். இப்போது உங்கள் பக்கம் பார்க்கிறார்.